உறையில் இருந்த பெயர்கள்: இசைத்தட்டு மறுவெளியீடுகளின் கதை

நெய்வேலி நகரியத்துக்கும் இந்தியாவில் எல்.பி. இசைத்தட்டுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது 1956-ல். சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தது 1957 மே மாதம். அனல்மின் நிலையத்தில் மின்சாரம் உற்பத்தியானது 1962-ல். கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் எல்.பி. தட்டுகள் அச்சாகத் தொடங்கியதும் 1950-களின் கடைசியில்தான்.

தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் "வட்டம்" என்று எண் போட்டுப் பிரித்த குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியேறினார்கள். வசதி உள்ள வீடுகளுக்கு ரேடியோகிராம் வந்தது. மற்றவர்களுக்குக் கல்யாண வீட்டு மைக் செட் இருந்தது. ஆனால் குவார்ட்டர்ஸ் சொந்த வீடு இல்லையே! ஓய்வு பெற்றால் காலி செய்தாக வேண்டும். எதை எடுத்துப் போவது, எதைப் பழைய பேப்பர் கடையில் போடுவது என்ற கேள்வி அன்றுதான் வரும். மழையில் நனைந்து, கரையான் அரித்து, ஓரம் கிழிந்த இசைத்தட்டு உறை முதலில் போய்விடும். தட்டு மட்டும் பரண் மேல் ஏறும்.

"உறைதானே, பாட்டு இருக்கிறதே" என்று தோன்றலாம். ஆனால் பாட்டை எழுதியவர் யார், வயலின் வாசித்தவர் யார், எந்த ஆண்டு பதிவானது என்பதெல்லாம் இருந்த இடம் அந்த உறைதான். பழைய தட்டுகளை மறுபடி வெளியிடும்போது உறையில் எதைப் போடுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாட்டின் வரலாறு போய்ச் சேருகிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்.

பெயரைப் பாடகியே சொன்ன காலம்

1902-ன் கடைசியில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே அவர் பதிவு செய்தவர்களில் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். மூன்று நிமிடப் பாட்டை முடித்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். இன்று கேட்பவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரியும். காரணம் என்னவோ வெறும் தொழில் காரணம்தான். அந்தப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய்த்தான் தட்டாக மாறின. அங்கே இருந்த தொழிலாளிக்கு இந்துஸ்தானியும் தெரியாது, தமிழும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயர் கொண்ட வட்டக் காகிதத்தை ஒட்டுவது என்று தெரிய, பாடியவரே பெயர் சொல்ல வேண்டியிருந்தது.

1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. 1928-ல் அது டம்டமுக்கு மாறியது. ஹானோவருக்கு அனுப்பும் வேலை நின்ற பிறகு, பெயர் சொல்லும் வழக்கமும் மெல்ல மறைந்துவிட்டது. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 120 ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவைக் கைபேசியில் கேட்டாலும் பாடியவர் பெயர் கூடவே வருகிறது. உறை எத்தனை முறை மாறினாலும் அதை யாராலும் விட முடியாது. அது பள்ளத்திலேயே பதிந்துவிட்டது!

பழுப்புக் காகித உறை

78 வேகத் தட்டுகள் அரக்கால் ஆனவை. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி உடைந்துவிடும். அவற்றுக்குக் கிடைத்த உறை ஒரு சாதாரணப் பழுப்புக் காகிதப் பை. நடுவில் வட்டமாக ஓட்டை. அதன் வழியே தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கலாம். பையின் மேல் கம்பெனிப் பெயர், நாய் படம், கடைக்காரர் விலாசம், ஊசியை அடிக்கடி மாற்றுங்கள் என்ற அறிவுரை, இவ்வளவுதான். தென்னிந்தியாவில் ஓடியன் தட்டுகளை விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற கடைகளுக்கு அந்தப் பைதான் விளம்பரப் பலகை. பின்னாளில் ஏ.வி.எம். ஸ்டூடியோவை உருவாக்கிய மெய்யப்பச் செட்டியார் வளர்ந்தது இந்த வியாபாரத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு தட்டின் பை இன்னொரு தட்டுக்கும் பொருந்தும். அதனால் பையைத் தூக்கிப் போட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. பாட்டின் விவரம் தட்டில் ஒட்டிய சீட்டில் இருந்தது. பாட்டின் வரிகள் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் இருந்தன. ஆக, விவரங்கள் இரண்டு இடங்களில் பத்திரமாக இருந்தன.

வெளிநாட்டில் பல 78 தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போலப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். "ஆல்பம்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். அதன் மேல் முதன்முதலாகப் படம் வரைந்து கவர்ச்சியாக்கலாம் என்று 1939-40 வாக்கில் கொலம்பியா கம்பெனிக்கு யோசனை சொன்னவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் ஓவியர். அன்றிலிருந்து உறைக்கு மேலும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. தட்டைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, விற்றும் கொடுக்க வேண்டும்.

முதல் மறுவெளியீடும் முதல் இழப்பும்

அமெரிக்காவில் 1948-ல் எல்.பி.யும் 1949-ல் 45 வேகச் சிறு தட்டும் வந்தன. இந்தியாவுக்கு அவை வர ஏறத்தாழப் பத்து வருடம் ஆனது. அதற்குப் பிறகும் 78 தட்டு இங்கே உடனே ஓயவில்லை. உலகமே கைவிட்ட பின்னும் இந்தியாவில் அவை அச்சாகிக்கொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78 தட்டில் வந்தன. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

ஒரு 78 தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். எல்.பி.யில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். ஆறு பழைய தட்டுகளை ஒரே எல்.பி.யில் அடக்கிவிடலாம் என்றதும் தொகுப்புகள் பிறந்தன. அதுதான் மறுவெளியீட்டின் தொடக்கம். அங்கேதான் கேள்விகளும் தொடங்கின. எந்தப் பன்னிரண்டு பாட்டு? முன்னட்டையில் யார் பெயர் பெரிதாக? யார் படம்?

கர்நாடக இசைத் தட்டுகள் இதில் ஓரளவு நல்ல வழியில் போயின. பின்னட்டையில் ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம் என்று விவரம் போடும் வழக்கம் வந்தது. பழைய 78 சீட்டில் பக்கவாத்தியக்காரருக்குப் பெரும்பாலும் இடமே கிடைத்ததில்லை. இந்த விஷயத்தில் எல்.பி. உறை ஒரு முன்னேற்றம்தான்.

திரைப்பாடல்களில் நடந்தது வேறு. தொகுப்பு விற்க வேண்டுமென்றால் முகம் வேண்டும். முகம் என்றால் நடிகர். "எம்.ஜி.ஆர். பாட்டு", "சிவாஜி பாட்டு" என்ற பேச்சு வழக்கு அப்படியே தொகுப்பின் தலைப்பாகவும் ஆனது. பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமாக இருக்கலாம், கண்ணதாசனாக இருக்கலாம், வாலியாக இருக்கலாம். 1959-ல் 29 வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டைக்குத் தன் பாட்டு யார் பெயரில் விற்கப்படுகிறது என்று கேட்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. பின்னட்டையில் சிறிய எழுத்தில் பெயர் இருந்தால் அது அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாத்தியம் வாசித்தவர்கள் நிலை இன்னும் மோசம். இளையராஜாவின் பாட்டுகளில் கீபோர்டு வாசித்த விஜி மேனுவல், தாளம் கவனித்த புருஷோத்தமன், கிடார் வாசித்த சதானந்தம் போன்றவர்களின் பெயரை ரசிகர்கள் தெரிந்துகொண்டது பெரும்பாலும் பேட்டிகளிலிருந்தும் மேடைகளிலிருந்தும்தான். திரைப்படத் தட்டின் உறையிலிருந்து அல்ல.

இதே காலத்தில் வந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பஜகோவிந்தம் பதிவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு சிறிய முன்னுரை பேசுவார். சாதாரணமாகப் பின்னட்டையில் அச்சிட வேண்டிய விஷயம் அது. அச்சிடாமல் பேசிப் பதிவு செய்ததால் எல்.பி., கேசட், சி.டி., இணையம் என்று எங்கே போனாலும் அந்த முன்னுரை கூடவே போகிறது. கௌஹர் ஜான் கதைதான் மறுபடியும்! ஒலியில் இருப்பது பிழைக்கிறது. காகிதத்தில் இருப்பது மறுபடி வெளியிடுபவரின் தயவில் நிற்கிறது.

சுருங்கிய அட்டை

எல்.பி. உறை ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் சதுரம். பரப்பு 960 சதுர சென்டிமீட்டர் சொச்சம். சி.டி. தாள் 12 சென்டிமீட்டர் சதுரம். அதாவது 144. கேசட்டின் முன்பக்கம் 65 அளவில்தான் வரும். எல்.பி.யிலிருந்து கேசட்டுக்கு மாறியபோது முன்னட்டை பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இடம் குறைந்தால் எதை வெட்டுவார்கள்? நடிகர் முகத்தையா? கம்பெனி முத்திரையையா? இரண்டும் இருக்கும். பின்னட்டைக் குறிப்புதான் போகும்.

1980-களில் ஊருக்கு ஊர் இன்னொரு வகை மறுவெளியீடும் நடந்தது. கேசட் கடையில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தால், கடைக்காரர் தன்னிடமுள்ள தட்டுகளிலிருந்து 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிவு செய்து தருவார். அதன் உறை, கடைக்காரரின் பால்பாயிண்ட் பேனா எழுத்து. பாட்டின் முதல் இரண்டு சொல், படத்தின் பெயர், அவ்வளவுதான். சட்டப்படி அது தப்பு. ஆனால் ஒரு தலைமுறையே பாட்டுக் கேட்டது அப்படித்தான். எழுதிய கவிஞரின் பெயர் அந்தத் தாளில் வந்ததே இல்லை.

பிறகு நூறு பாட்டுக்கு மேல் அடங்கிய எம்.பி.3 சி.டி. வந்தது. பாட்டின் விவரம் கோப்பின் பெயர் ஆனது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் இசைத்தட்டு உற்பத்தியே நின்றது. 2000-ல் இந்திய கிராமபோன் கம்பெனியின் பெயர் சரிகம என்று மாறியது. தட்டின் அடையாளமாக இருந்த நாயும் புதிய உறைகளிலிருந்து விடைபெற்றது. 2017-ல் அதே நிறுவனம் 5000 பாட்டுகளை உள்ளே வைத்துப் பழைய ரேடியோப் பெட்டி உருவத்தில் கார்வான் என்ற கருவியை விற்றது. இதில் தனித்தனி உறை எதுவும் கிடையாது. ஆனால் மொத்தப் பெட்டியும் ஒரு பழைய ஞாபகத்தின் உறை!

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த தட்டுகள்

2003-ல் அமெரிக்காவின் பிளாக் ஐடு பீஸ் குழு, ஸ்ரீ ராகவேந்திரர் படத்தில் வந்த இளையராஜா பாட்டின் ஒரு பகுதியை எடுத்துப் பயன்படுத்தியது. 2007-ல் இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தளபதி படப் பாட்டைப் பயன்படுத்தினார். வெளிநாட்டுத் தட்டு வேட்டைக்காரர்களின் பார்வை தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பியது. 2010-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் இளையராஜா பாட்டுகளைத் தொகுத்து "சொல்லச் சொல்ல" என்ற பெயரில் வெளியிட்டது. 1977 முதல் 1983 வரையிலான கோலிவுட்டின் எலக்ட்ரானிக் பாப் ஒலி என்பது அதன் துணைத் தலைப்பு.

இந்தத் தலைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இளையராஜா என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1976-ல் வந்த அன்னக்கிளியின் கிராமத்து மெட்டு. தொகுப்பின் கணக்கு அதற்கு அடுத்த ஆண்டில்தான் தொடங்குகிறது. வாங்கும் வெளிநாட்டு இளைஞருக்கு அவர் சிந்தசைசர் இசையமைப்பாளராக அறிமுகமாகிறார். இது பொய் இல்லை, ஆனால் பாதி. இளையராஜாவே 1986-ல் வெளியிட்ட "ஹௌ டு நேம் இட்?" இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்திருந்தார். அந்தச் சமர்ப்பணம் ஒரு இளையராஜாவைக் காட்டுகிறது, இங்கிலாந்து உறை இன்னொருவரைக் காட்டுகிறது. ஆள் ஒருவர்தான்.

உறை சாட்சியாக நின்ற சம்பவமும் உண்டு. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்து எச்.எம்.வி. மூலம் ஒரு தட்டு வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-ல் நெதர்லாந்தின் பாம்பே கனெக்‌ஷன் அதை மறுபடி வெளியிட்டதும் உலகம் ஆச்சரியப்பட்டது. சிகாகோவில் 1987 வாக்கில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆசிட் ஹவுஸ் இசை ஐந்து வருடம் முன்பே மும்பையில் ஒலித்திருக்கிறதே! யாரோ இன்று செய்துவிட்டுப் பழைய உறை மாட்டி ஏமாற்றுகிறார்கள் என்றுகூட இணையத்தில் சந்தேகம் கிளம்பியது. 1982 தேதியோடு வந்த அசல் தட்டும் உறையும் சேகரிப்பாளர்களிடம் இருந்தன. சரண்ஜித் சிங்கும் அப்போது உயிரோடு இருந்தார். சந்தேகம் அடங்கியது. அவர் 2015-ல் காலமானார். அசல் உறைகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தால் வரலாற்றை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம்!

இன்றைய தேர்வுகள்

அமெரிக்காவில் 2022-ல் விற்ற எல்.பி.க்களின் எண்ணிக்கை சி.டி.க்களை முந்தியது. 1987-க்குப் பிறகு இதுதான் முதல்முறை. இந்தியாவிலும் பழைய திரைப்பாடல்கள் மறுபடி எல்.பி.யாக வருகின்றன. 2024-ல் மும்பைப் பக்கம் மறுபடி தட்டு அச்சிடும் ஆலையும் வந்துவிட்டது. மறுவெளியீடு செய்பவர் முன்னால் இன்று பல தேர்வுகள் இருக்கின்றன.

முதல் தேர்வு பழைய அட்டைப்படமா, புதியதா என்பது. பழைய அட்டையின் மூல ஓவியம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. யாரிடமாவது உள்ள பிரதியை ஸ்கேன் செய்ய வேண்டும். தட்டு அழுத்தி உண்டான வட்டத் தழும்பும் மடிப்பும் அதில் சேர்ந்தே வரும். கம்ப்யூட்டரில் துடைத்தால் எழுத்தும் சேர்ந்து மங்கும்.

இரண்டாவது, உறையின் வகை. ஒற்றை உறை மலிவு. புத்தகம் போல விரியும் இரட்டை உறைக்கு அட்டையும் அச்சும் கூடுதல் செலவு. ஆனால் பாட்டு வரிகளுக்கும் குறிப்புக்கும் இடம் கிடைக்கும். 1967-ல் பீட்டில்ஸின் சார்ஜண்ட் பெப்பர் தட்டு இப்படி விரியும் உறையோடும், பின்னட்டையில் எல்லாப் பாட்டு வரிகளோடும் வந்தது. ஜப்பானில் உறையைச் சுற்றி "ஒபி" என்ற காகிதப் பட்டையை மாட்டி, உள்ளூர் மொழியில் விவரம் போடுகிறார்கள். அசல் அட்டையைக் கெடுக்காமல் சொந்த மொழியில் விவரம் சொல்ல இது நல்ல வழி.

மூன்றாவது, ஊரின் வெயில். வினைல் என்பது பிளாஸ்டிக். சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். கடலூர் மாவட்டத்துக் கோடையில் பூட்டிய காருக்குள் வைத்த தட்டு வளைய அதிக நேரம் ஆகாது. கடையில் சுற்றி வரும் இறுக்கமான பிளாஸ்டிக் தாளை அப்படியே விட்டால் சூட்டில் அது சுருங்கி அட்டையை வளைக்கும், தட்டையும் வளைக்கும். பி.வி.சி. மேலுறை சூட்டிலும் ஈரத்திலும் தட்டின் மேல் படலம் படிய வைக்கும். பாலித்தீன் உள்ளுறை நல்லது. படுக்க வைத்து அடுக்காமல் நிற்க வைப்பது இன்னும் நல்லது. லண்டன் குளிருக்கு யோசித்த உறை நெய்வேலி வெயிலுக்குச் சரிப்படாது.

இவை எல்லாம் காசும் பிளாஸ்டிக்கும் சம்பந்தப்பட்டவை. நான்காவது தேர்வுக்குத்தான் செலவே இல்லை. பெயர்களை முழுமையாகப் போடுவது! அதுதான் அடிக்கடி விடுபடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஏ என்ற பிரிவு 1984-ல் சேர்க்கப்பட்டது. ஒலிப்பதிவிலும் அதன் உறையிலும் மூன்று விவரம் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது அது. பதிவு செய்தவரின் பெயர் விலாசம், பதிப்புரிமை உடையவரின் பெயர் விலாசம், முதலில் வெளியான ஆண்டு. அவ்வளவுதான். பாடியவர், வாசித்தவர் என்று அந்தப் பட்டியலில் தனியாக எதுவும் இல்லை. உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட கவிஞருக்கும் அதில் இடமில்லை. 2012 திருத்தத்தில்தான், நிகழ்த்திய கலைஞருக்குத் தன்னை அடையாளம் காட்டக் கேட்கும் உரிமை தனியாக வந்தது. அதிலும் பயன்படுத்தும் முறை காரணமாக விட்டுப்போனால் தப்பில்லை என்று ஒரு விலக்கு உண்டு.

அதாவது முதலாளியின் விலாசத்தைக் கட்டாயமாக்கிய பிரிவு கலைஞரின் பெயரைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே இது சட்டத்தைவிட மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் இருக்கிறது.

முடிவாக...

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க முதலில் மேலே உள்ள மண்ணைப் பல பத்து மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி அகற்ற வேண்டும். கரிதான் முக்கியம், மண் வெறும் மூடி. ஆனால் அந்த மூடியிலேயே வெண்களிமண்ணும் இருந்தது. அதைக் கழுவிச் சுத்தம் செய்து விற்க நெய்வேலியில் தனி ஆலையே அமைத்தார்கள். பளபளப்பான அச்சுக் காகிதத்தின் மேல்பூச்சுக்கு உலகெங்கும் பயன்படுவதும் இந்த வகை வெண்களிமண்தான்.

இசைத்தட்டின் உறையும் அப்படித்தான். குவார்ட்டர்ஸ் காலி செய்யும் வீட்டில் பரண் மேல் ஒரு தட்டுக்கட்டு கிடைத்தால் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உறையை எடைக்குப் போட வேண்டாம். போடத்தான் வேண்டுமென்றால் பின்னட்டையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைக்கலாம். நாளைக்கு அந்தப் பாட்டை யாராவது மறுபடி வெளியிடும்போது, மிருதங்கம் வாசித்தவர் யார் என்ற கேள்விக்கு அந்த ஒரு படத்தில் பதில் இருக்கலாம்.